திறப்பு யாரிடம் இருக்கிறது

கார்த்திகை மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில் தம்பலகாமத்தில் உள்ள என் மச்சானின் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா காலமாகி இரண்டாண்டுகள் ஆகின்றன. அவர் பயிர்க் காவலுக்காக வைத்திருந்த பன்னிரண்டு போர் (12 bore) குழல் அளவுடைய ஒற்றைக்குழல் துவக்குக்கான அனுமதிப்பத்திரத்தை மச்சான் முறைப்படி விண்ணப்பித்துத் தன் பெயரில் பெற்றிருந்தான். நான் மெல்பேணில் இருந்த காலத்தில் துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபட்டவன் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே, குழலுக்குள் துரு ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தான்.

படுக்கையறை அலுமாரியின் மேலிருந்து, மாமியின் பழைய நூற்சேலை ஒன்றில் சுற்றப்பட்டிருந்த துவக்கை அவன் எடுத்து வந்து கட்டிலில் வைத்தான். சேலையை அவிழ்த்தபோது எண்ணெயும் நப்தலின் உருண்டையும் கலந்த ஒரு மணம் வந்தது. நான் குழலை நிலத்தை நோக்கிச் சாய்த்து, துவக்கை மடித்துத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்தேன். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டும் பார்த்தேன். வெறுமையாகத்தான் இருந்தது. குழலிலும் பெரிய பழுது இல்லை. அதன் பிறகுதான் தோட்டாக்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன்.

மச்சான் வாய் திறப்பதற்கு முன்னரே, கதவு நிலையில் சாய்ந்து நின்ற அவனுடைய ஒன்பது வயது மகன் பதில் சொல்லிவிட்டான். “அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால, பிஸ்கட் டின்னுக்குள்ள இருக்கு மாமா.”

மச்சான் சிரித்தான். அவனுடைய மனைவி சிரிக்கவில்லை. அந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழன் துப்பாக்கி சுடுவதை விளையாட்டாகக் கொண்டிருந்தான் என்று சொன்னால், கேட்பவர்களின் முகம் மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. இந்த ஊரில் துவக்கின் பெயரைச் சொல்லாமல் தன் குடும்பத்தின் கதையைச் சொல்லி முடிக்கக்கூடிய வீடுகள் மிகச் சிலவே. 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி மாலை எங்கள் நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த இரவில் நான் மெல்பேணில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலையில் இருந்தேன். தொலைபேசியில் அம்மா வேறெதையும் பேசவில்லை. பிள்ளைகளின் வயதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு சில ஆண்டுகள், பட்டாசுச் சத்தத்துக்குக் கூட என் உடல் தானாகக் குனிந்துவிடும்.

உடன் வேலை செய்த ஒருவர் தன்னுடைய கழகத்துக்கு வந்து பார்க்கும்படி 2007இல் அழைத்தபோது முதலில் மறுத்தேன். பிறகு, நான் அஞ்சும் பொருள் ஒன்றை, அது அச்சுறுத்த முடியாத ஓர் இடத்தில் வைத்து ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததால் போனேன். போன இடத்தில் நான் கண்டது, வீரத்தையோ ஆண்மையையோ பற்றிய எந்தப் பேச்சும் இல்லாத, ஏறத்தாழ ஒரு தியான மண்டபத்தைப் போன்ற கூடம். ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் ஒரு பல் வைத்தியரும் பஸ் சாரதி ஒருவரும் வரிசையாக நின்று, ஒரு கையால் மட்டும் வாயுத் துப்பாக்கியை நீட்டி, மூச்சை அடக்கிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

பத்து மீற்றர் வாயுக் கைத்துப்பாக்கிப் போட்டி என்பது, 75 நிமிடங்களுக்குள் 60 சன்னங்களைச் சுட்டு முடிக்க வேண்டிய விளையாட்டு. பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர்தான். வாயு ரைபிள் பிரிவில் அது வெறும் அரை மில்லிமீற்றர். அதாவது பேனையால் ஒருமுறை குத்திய புள்ளி. அதைச் சுடுகின்ற சன்னமோ 4.5 மில்லிமீற்றர் பருமன் உடையது. இவ்வளவு சிறிய குறியில் கோபக்காரனால் சுட முடியாது, அவசரக்காரனாலும் முடியாது. இதயத் துடிப்பு ஒன்று கூடினாலே குறி அசைந்துவிடும். இந்த விளையாட்டை நான் நேசித்ததற்குக் காரணம் அதுதான். இன்றும் நேசிக்கிறேன். ஆகையால் இங்கே நான் எழுதுவது துப்பாக்கியை வெறுக்கும் ஒருவனின் எழுத்து அன்று.

முதல் மூன்று வாரங்கள் எனக்கு ஒரு சன்னம் கூடத் தரப்படவில்லை. சுடுகளத்தில் ஆயுதத்தை எப்படி எடுப்பது, எப்படி வைப்பது, குழலின் வாய் எப்போதும் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், விரல் எப்போது விசையின் வளையத்துக்குள் போகலாம் என்பதையே திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். சுடாத நேரங்களில் தோட்டா அறைக்குள் செருகி வைக்க வேண்டிய செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புக் கொடி ஒன்று இருக்கிறது. வாயுத் துப்பாக்கியாக இருந்தால், குழலின் முழு நீளத்துக்கும் ஊடாகச் சென்று வாய்ப்பக்கம் வெளியே தெரியக்கூடிய ஒரு நிறக்கயிறு. ஆயுதத்தின் உள்ளே எதுவும் இல்லை என்பதை, அதைத் தொடாமலே, கூடத்தின் மறுமுனையில் நிற்கும் அந்நியர் ஒருவரும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே அந்தக் கயிற்றின் நோக்கம். “எனக்குத் தெரியும், அது வெறும் துப்பாக்கிதான்” என்று சுடுகின்றவன் சொல்வதற்கு அங்கே எந்த மதிப்பும் கிடையாது. அவன் சொல்லை நம்பாமல் இருப்பது அவனை அவமதிப்பதும் ஆகாது. இந்த ஒரு விடயத்தை உள்வாங்கிக்கொள்ள எனக்கு நெடுங்காலம் எடுத்தது.

எப்படி எடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழகத்தில் சேர்ந்து எட்டாவது மாதம், நல்ல புள்ளிகள் வந்துகொண்டிருந்த ஒரு மாலை, பின்னால் நின்றவர் ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்வதற்காகக் கையில் துப்பாக்கியுடனேயே பாதி திரும்பிவிட்டேன். துப்பாக்கிக்குள் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் களப் பொறுப்பாளரின் “நிறுத்துங்கள்” என்ற குரல் கூடம் முழுவதும் ஒலித்தது; பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். என்னைத் திட்டவில்லை. பெயரைப் பதிவேட்டில் எழுதி, நான்கு வாரங்களுக்குச் சுடுகளத்துக்கு வரக்கூடாது என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு நெடுநேரம் இருந்தேன். என் துப்பாக்கியின் வாய் அந்த அரைச் சுற்றில் ஓர் அம்மாவின் வயிற்றைக் கடந்து போயிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது.

அந்தக் கழகத்தின் பழைய உறுப்பினர்கள் சிலரிடம் ஓர் ஆறாத குறை இருந்தது. தாஸ்மேனியாவின் போர்ட் ஆதரில் 1996 ஏப்ரலில் ஒருவன் 35 பேரைக் கொன்றதன் பின்னர், அவுஸ்திரேலியாவின் மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து துப்பாக்கிச் சட்டங்களை இறுக்கின. அரைத் தானியங்கி ரைபிள்கள் பெரும்பாலானோருக்குத் தடை செய்யப்பட்டன. அரசு விலை கொடுத்து ஆறரை இலட்சம் அளவில் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி உருக்கியது. துப்பாக்கி வேண்டும் என்பவர் அதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். தற்பாதுகாப்பு என்பது காரணமாக ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது. விளையாட்டுக்காக என்றால், அங்கீகரிக்கப்பட்ட கழகம் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். “எவனோ செய்த குற்றத்துக்கு எங்களைத் தண்டித்தார்கள்” என்று தேநீர் வேளையில் அந்த முதியவர்கள் சொல்வதுண்டு. நேர்மையாக வாழ்ந்தவர்கள், அவர்களுடைய வருத்தத்தை நான் அற்பமாக எண்ணவில்லை.

ஆனால் எனக்கு வேறொரு நாளும் நினைவில் இருந்தது. 2002 ஒக்டோபர் 21ஆம் திகதி மெல்பேணின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒருவன் வகுப்பறைக்குள் கைத்துப்பாக்கிகளுடன் சென்று இருவரைக் கொன்றான். அவன் ஆயுதங்களைக் கறுப்புச் சந்தையில் வாங்கவில்லை. கழக உறுப்பினன், சட்டப்படி அனுமதி பெற்ற விளையாட்டுச் சுடுநன். எங்களில் ஒருவன் என்றே சொல்ல வேண்டும். அதன் பின்னர்தான் கைத்துப்பாக்கி விதிகள் மேலும் இறுகின. குட்டைக் குழல் உள்ளவையும் பெரிய குழல்விட்டம் உள்ளவையும் பத்துக்கு மேல் தோட்டா கொள்பவையும் விலக்கப்பட்டன. புதிதாகச் சேர்ந்தவர் முதல் ஆறு மாதம் சொந்தமாக ஒரு கைத்துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது என்றும், ஆண்டுக்கு இத்தனை முறையாவது களத்துக்கு வந்து சுட்டிருக்க வேண்டும் என்றும் விதி வந்தது.

இந்தக் கடைசி விதியின் உட்பொருள் எனக்கு மிகவும் பிடித்தமானது. துப்பாக்கியை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு களத்துக்கு வராமல் இருப்பவன் விளையாட்டுக்காரன் அல்லன். அவன் அந்தப் பொருளை எதற்காக வைத்திருக்கிறான் என்று யாராவது கேட்க வேண்டும். மாதம் இரண்டு முறை ஒருவனைக் கண்ணால் பார்க்கும் கழகத்துக்கு, அவனுடைய பேச்சு மாறிவிட்டது, முகம் வாடிவிட்டது, மனைவி பிரிந்த பிறகு குடிக்கத் தொடங்கிவிட்டான் என்பதெல்லாம் எந்தக் கணினிப் பதிவேட்டுக்கும் முன்பாகத் தெரியவரும். சட்டம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு படிவத்தைப் பார்க்கிறது. தோழர்கள் மாதம் இரண்டு முறை ஆளைப் பார்க்கிறார்கள். அவர்கள் பேசாமல் இருந்துவிட்டால் எந்தச் சட்டத்தாலும் ஒன்றும் ஆகாது.

ஐரோப்பாவிலிருந்தும் ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் வின்னென்டன் என்ற ஊரில் 2009 மார்ச் 11ஆம் திகதி 17 வயதுப் பையன் ஒருவன் தன் பழைய பாடசாலைக்குச் சென்று சுடத் தொடங்கினான். அன்றைய தினம் 15 பேரைக் கொன்று, கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தான். துப்பாக்கி அவனுடைய தந்தையுடையது. தந்தை சுடும் கழகமொன்றின் உறுப்பினர். பல ஆயுதங்கள் வைத்திருந்தார். அவற்றைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் ஒழுங்காகப் பூட்டியும் வைத்திருந்தார். ஒரே ஒரு கைத்துப்பாக்கியை மட்டும் படுக்கையறையில் வைத்திருந்தார். அந்த ஒன்றுதான் மகனின் கைக்குப் போனது. பின்னர் நீதிமன்றம் தந்தையைத் தண்டித்தது. துப்பாக்கி உரிமையாளரின் வீட்டுக்கு அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி வந்து சேமிப்பைப் பார்வையிடலாம் என்று ஜெர்மனியச் சட்டமும் மாறியது.

மற்ற எல்லாவற்றையும் பூட்டிய ஒரு மனிதர் அந்த ஒன்றை ஏன் பூட்டவில்லை என்று பலநாள் யோசித்திருக்கிறேன். கள்வன் வந்தால் உடனே எடுக்க வேண்டும் என்று ஒருவேளை நினைத்திருக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் தன்னுடையவர்கள்தானே என்றும் நினைத்திருக்கலாம். என் மச்சானின் அலுமாரிக்கும் அந்தப் படுக்கையறைக்கும் இடையே உள்ள தொலைவு, ஆயிரக்கணக்கான மைல்களாக இருந்தாலும், நினைப்பில் மிகக் குறைவானது.

பிரித்தானியா வேறு வழியில் போனது. ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் 1996 மார்ச்சில் 16 சிறுபிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் அனுமதிப்பத்திரத்துடன் கைத்துப்பாக்கி வைத்திருந்தவன். அடுத்த ஆண்டே கைத்துப்பாக்கியைத் தனிநபர் வைத்திருப்பது ஏறத்தாழ முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. அதன் பிறகு பிரித்தானியக் கைத்துப்பாக்கி வீரர்கள் வெளிநாடுகளுக்குச் சென்றே பயிற்சி பெற வேண்டியிருந்தது. 2012 இலண்டன் ஒலிம்பிக்குக்காகத் தனியாகச் சிறப்பு அனுமதி வழங்க வேண்டி வந்தது. விளையாட்டுக்காரனாக எனக்கு இது வலிக்கிறது. ஆனால் அந்த 16 பிள்ளைகளின் பெற்றோர் ஒருவருக்கு எதிரே அமர்ந்து என்னுடைய 60 சன்னங்களைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. பிரித்தானியர் செய்தது மிகையா என்ற விவாதத்தில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், தடை தேவையற்றதாக ஆகும் அளவுக்கு நாங்களே முன்கூட்டிக் கண்டிப்பாக இருந்திருக்க வேண்டும் என்ற பக்கம்.

இனி என் வீட்டுப் பெட்டகத்தின் கதை. கைத்துப்பாக்கி வாங்குவதற்கு முன் இரும்புப் பெட்டகம் ஒன்றை வாங்கி, கொங்கிரீட் தரையில் ஆணியடித்துப் பொருத்தி, சன்னங்களுக்கும் தோட்டாக்களுக்கும் வேறொரு பூட்டுப் பெட்டி வைத்தேன். ஒருநாள் காலை அதைப் பரிசோதிக்க ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் வந்தார். பெட்டகத்தை இரு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. தொடர் இலக்கங்களைச் சரிபார்த்தார். எல்லாம் சரி என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, மிக இயல்பாக என் மனைவியைப் பார்த்து, திறப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். குசினி லாச்சியில் என்று அவர் உடனே சொன்னார். அவருக்கு எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருப்பது ஒரு நல்ல குடும்பத்தின் அடையாளம் என்று நாங்கள் இருவருமே எண்ணியிருந்தோம். உத்தியோகத்தரின் முகம் இறுகியது. அனுமதிப்பத்திரம் உங்களுடையது, உங்கள் மனைவியுடையது அல்ல. அவரால் திறக்கக்கூடிய பெட்டகம் பூட்டப்படாத பெட்டகத்துக்குச் சமம் என்றார். எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார். அன்றிலிருந்து திறப்பு என் இடுப்பிலோ, நான் மட்டும் அறிந்த இலக்கப் பூட்டுக்குள்ளோதான் இருந்தது. 2019இல் ஊர் திரும்பியபோது ஆயுதங்களை அங்கேயே முறைப்படி விற்றுவிட்டேன். அந்தத் திறப்பு மட்டும், எதையும் திறக்காததாக, இன்றும் உப்புவெளியில் என் மேசை மேல் கிடக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் வயதில் மூத்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமே, பலமுறை திருத்தப்பட்டு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பயிர்க் காவலுக்குரிய சொட்கன்களின் அலுவல் மாவட்டச் செயலகத்தின் ஊடாகவும், ஏனையவை பாதுகாப்பு அமைச்சின் ஊடாகவும் நடக்கின்றன. 2024ஆம் ஆண்டின் இறுதியில், தற்பாதுகாப்புக்காகத் தனிநபர்களுக்கு வழங்கப்பட்டிருந்த துப்பாக்கிகளைத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு அமைச்சு கேட்டதும் நினைவிருக்கும். தாளில் பார்த்தால் நம்முடையது தளர்வான நாடு அல்ல.

ஆயினும் ஓர் அனுமதிப்பத்திரத் துவக்கு எப்படிக் கைமாறிப் போகும் என்பதை இந்த நாட்டைவிடக் கசப்பாக அறிந்த நாடுகள் குறைவு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது தெற்கில் கிளர்ச்சிக்காரர்கள் வீடு வீடாகச் சென்று சேர்த்தவை விவசாயிகளின் சொட்கன்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் வடக்குக் கிழக்கிலும் அப்படியே நடந்தது. என் அம்மப்பாவின் துவக்கும் அவ்வாறுதான் போனது. இரவில் வந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்களாம். அம்மப்பா எங்கே என்று சொல்லாமல் நின்றாராம். வந்தவர்களில் ஒருவன் நேராக நெல் பட்டடைக்குப் பின்னால் போய் எடுத்து வந்தானாம். அவன் அயலூர்ப் பையன். வயல் வெட்டு நாட்களில் அந்த வீட்டில் சோறு தின்றவன். ஒளித்து வைப்பதும் பூட்டி வைப்பதும் ஒன்றல்ல என்பதை எங்கள் குடும்பம் அன்றே கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. அடுத்த காலையில் பொலிஸ் நிலையத்தில் அம்மப்பா எப்படி நடத்தப்பட்டார் என்பதை அம்மம்மா சாகும்வரை சொல்லவேயில்லை.

விவசாயியின் தேவை போலியானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தம்பலகாமத்திலும் கந்தளாய்ப் பக்கத்திலும் பன்குளத்திலும் குடலைப் பருவத்து வேளாண்மைக்குள் பன்றிக் கூட்டம் ஒரே இரவு இறங்கினால் போதும். ஒரு போகத்தின் உழைப்பு சேறாகிவிடும். குரங்கும் மயிலும் சேனைக்காரனை அழ வைக்கின்றன. பரணில் இரவு முழுக்க விழித்திருக்கும் ஒருவனிடம் போய், உனக்கு எதற்குத் துவக்கு என்று நகரத்தில் இருந்துகொண்டு கேட்பது நியாயமன்று. நான் அஞ்சுவது வேறு. அனுமதி கிடைக்காதவன், அல்லது அதற்கு அலைந்து அலுத்தவன், உள்ளூரில் கள்ளமாகச் செய்யப்படும் இடியன் துவக்கையோ கட்டுத்துவக்கையோ நாடுகிறான். கட்டுத்துவக்கு ஆள் இல்லாமலே வெடிப்பது. பாதையின் குறுக்கே கட்டிய கம்பியில் பட்டது பன்றியா, யானையா, விறகு பொறுக்க வந்த பெண்ணா என்று அதற்குத் தெரியாது. சட்டப்படியான வழி எவ்வளவு ஒழுங்காகவும் அலைக்கழிப்பு இல்லாமலும் இருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்தக் கள்ளத் துவக்குகள் குறையும் என்றே நம்புகிறேன். கண்டிப்பு வேறு, அலைக்கழிப்பு வேறு. ஒரு கையொப்பத்துக்காக ஐந்து நாட்கள் வயலை விட்டுவிட்டு வரச் செய்வதால் யாருடைய உயிரும் பாதுகாக்கப்படுவதில்லை. வீட்டுக்கு ஒருமுறை வந்து பூட்டை ஆட்டிப் பார்த்தால் பாதுகாக்கப்படும். மச்சானின் வீட்டுக்கு இதுவரை யாரும் அப்படி வந்ததில்லை என்று அவனே சொன்னான்.

அண்மையில் என் தங்கையின் மகன், பல்கலைக்கழகத்தில் இருப்பவன், வாயு ரைபிள் சுடப் பழக வேண்டும் என்று என்னிடம் கேட்டான். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காகத் தெஹானி எகொடவெல சுட்டதையும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காகச் சுடுவதையும் பார்த்து வந்த ஆசை. எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். நம் பிள்ளைகளின் கையில் துவக்கு என்றாலே சீருடையும் சாவும் என்றிருந்த ஒரு காலத்துக்குப் பிறகு, ஓர் இளைஞன் அரை மில்லிமீற்றர் புள்ளிக்காக மூச்சை அடக்கக் கற்க விரும்புவது சிறிய விடயமன்று.

அவனுக்கு நான் இட்ட நிபந்தனை ஒன்றே. ஆயுதம் வீட்டுக்கு வரக்கூடாது. பயிற்சி நடக்கும் இடத்திலேயே, பொறுப்பான ஒருவரின் பூட்டுக்குள், பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்து, கையொப்பமிட்டு வைப்பதாக இருக்க வேண்டும். இந்த விளையாட்டில் பயிற்சியின் பெரும்பகுதி வெறுங்கையாலேயே செய்யக்கூடியது. நிற்கும் நிலையும் மூச்சும் பார்வையும் ஒன்றாக அமையும் வரை நானே எத்தனையோ மாலைகள் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருக்கிறேன். மெல்பேணில் ஆயுதத்தை வீட்டில் வைத்திருந்த நான் இங்கே இப்படிச் சொல்வது முரண்பாடாகத் தோன்றலாம். அங்கே வீட்டுக்கு வந்து பெட்டகத்தை ஆட்டிப் பார்க்கும் ஒரு கை இருந்தது. அந்தக் கை இல்லாத இடத்தில், விளையாட்டுத் துப்பாக்கிக்கு வீடு உகந்த இடமன்று. அதற்காகச் சுடுநர்கள்தான் முதலில் குரல் கொடுக்க வேண்டும். எங்களை யாரோ சந்தேகிக்கிறார்கள் என்று முகம் சுளிக்காமல், வாருங்கள், வந்து பாருங்கள் என்று நாங்களே கதவைத் திறந்து விட வேண்டும். குழலுக்குள் நிறக்கயிறு விட்டுக் காட்டுவதற்கு வெட்கப்படாதவர்கள் இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

மருமகன் கொஞ்சம் ஏமாற்றத்துடன்தான் கேட்டுக்கொண்டிருந்தான். “வாயுத் துப்பாக்கிதானே மாமா” என்றான். அரைக் கிராம் எடையுள்ள அந்த ஈயச் சன்னம் செக்கனுக்கு 170 மீற்றர் அளவு வேகத்தில் போகிறது. ஒரு கண்ணுக்கு அது போதும் என்றேன். மறுபடி அவன் அதைச் சொல்லவில்லை.

மச்சானுடன் அன்று மாலை நெடுநேரம் பேசினேன். துவக்கு உனக்கு உண்மையாகவே வேண்டுமா, அல்லது மாமாவின் நினைவுக்காக வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். நினைவுக்காக என்றால், ஒப்படைத்துவிட்டு மாமாவின் தலைப்பாகையையோ மண்வெட்டியையோ வைத்துக்கொள் என்றேன். அவன் கோபப்படவில்லை. பன்றி இன்னும் வருகிறது, வேண்டும்தான் என்றான். கடந்த போகத்தில் எத்தனை தரம் வெடி வைத்தாய் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணி, நான்கு என்றான், நான்கும் வானத்தை நோக்கி. சரி, அப்படியானால் பூட்டு வேண்டும் என்று முடிவு செய்தோம். அடுத்த கிழமை நகரத்து ஒட்டு வேலைக் கடை ஒன்றில் மூன்று மில்லிமீற்றர் தகட்டில் ஒரு நீளப் பெட்டி செய்வித்து, உள்பக்கம் பழைய கம்பளித் துணி ஒட்டி, சுவரின் கல்லுக்குள் நான்கு போல்ட் இறக்கிப் பொருத்தினோம். தோட்டாக்களுக்கு வேறொரு சிறிய பெட்டி, வேறொரு அறையில், வேறொரு ஆமைப் பூட்டுடன். மச்சானின் மனைவி அந்த இரண்டு பெட்டிகளையும் தானே இழுத்துப் பார்த்தார். பெட்டகத்தைப் பரிசோதிக்க வந்த உத்தியோகத்தரைப் போலவே, உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்தார். திறப்பு எங்கே இருக்கும் என்று கேட்டார். உனக்கும் சொல்லக்கூடாதாம் என்று மச்சான் சொன்னபோது, ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

தை பிறந்த பிறகு பொங்கல் பானையுடன் மீண்டும் அங்கே போயிருந்தேன். துவக்கைச் சுற்றியிருந்த மாமியின் நூற்சேலை துவைக்கப்பட்டு வேலிக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. பையன் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான். பெட்டியின் திறப்பு எங்கே என்று தெரியுமா என்று அவனிடம் மெதுவாகக் கேட்டேன்.

“தெரியாது மாமா” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “சாமித்தட்டுக்கு மேலயும், அப்பாட சைக்கிள் சீற்றுக்குக் கீழயும் பார்த்திட்டன். அங்க இல்ல” என்றான்.